குளிர் இருக்கிறது, காற்று இல்லை

அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை நான் தவறாக மொழிபெயர்த்தேன். இருபது வருடமாக மொழிபெயர்த்துதான் சம்பளம் வாங்குகிறேன் என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தவறுக்கு நான் கொடுத்தது 1,800 ரூபாய், மூன்று வாரம், ஒரு மதியம். பணம் மறந்துவிட்டது. மதியம் மறக்கவில்லை.

2024 மே மாதம். அப்பா போன பிறகு அம்மா டெல்லிக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மாயூரத்திலிருந்து மயூர் விஹாருக்கு. இரண்டு பெயரிலும் மயில் இருக்கிறது, அதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது என்பாள். சிறுநீரகம் செயலிழந்ததால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் யமுனைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். காலை நேரத்துக்கு ஏற்கனவே வரிசை இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது மதியம் ஒரு மணி. டெல்லி வெயில் உச்சியில் நிற்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

டயாலிசிஸ் நோயாளிக்கு வெயிலில் மற்றவர்களுக்கு இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. தாகம் எடுத்தால் நாம் தண்ணீர் குடித்துவிடலாம். குடித்த தண்ணீரை வெளியேற்ற வழியில்லாத உடம்புக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அனுமதிக்கப்பட்டது நாளைக்கு ஒரு லிட்டர். காப்பி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். மிஞ்சிப்போனால் வாயில் அடக்கிக்கொள்ள ஒரு ஐஸ் துண்டு. சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் வெக்கை சேர்ந்தால் தலை சுற்றும். ஆகவே எங்கள் காரின் ஏ.சி. எங்களுக்கு வசதிப் பொருளல்ல. அம்மாவின் மருந்துப் பட்டியலில் அதுவும் ஒன்று.

கார் 2011 இல் பதிவான சின்ன பெட்ரோல் கார். தலைநகரில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்கள் ஓடக்கூடாது என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததால், அன்றைய கணக்கில் அதற்கு இன்னும் இரண்டு வருட ஆயுள்தான். பழைய காருக்குச் செலவு செய்யும்போது இந்தக் கணக்கு எப்போதும் மனதில் ஓடும். எவ்வளவு போட்டால் தகும்? எவ்வளவு போட்டால் முட்டாள்தனம்?

மே முதல் வாரம் ஒரு நாள், முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மா காற்றுத் திறப்பின் முன் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏண்டி, ஜில்லுனுதான் இருக்கு. காத்துதான் கைக்கு எட்டமாட்டேங்குது."

மறுநாள் வழியில் இருந்த ஏ.சி. பழுதுபார்க்கும் கடையில் காரை நிறுத்தி, நான் இதை இந்தியில் சொன்னேன்: "ஏ.சி. சரியாக டண்டா செய்வதில்லை." அதாவது குளிர்விப்பதில்லை.

கடைக்காரர் கேள்வியே கேட்கவில்லை. "காஸ், மேடம்" என்றார். மானியை மாட்டினார். முள் தாழ்ந்து நின்றது. எனக்கும் காட்டினார். காஸ் ஏற்றினார். 1,800 ரூபாய். நன்றாக இருப்பதுபோல் இரண்டு நாள் எனக்குத் தோன்றியது. கொடுத்த பணத்துக்கு அப்படித் தோன்றித்தான் ஆக வேண்டும்.

அம்மாவுக்குத் தோன்றவில்லை. "எட்டலை" என்றாள் மறுபடி.

அடுத்து ஒரு பெரிய ஒர்க்ஷாப். குளிரூட்டிய வரவேற்பறை, காப்பி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சீருடைப் பணியாளர்கள். அரை மணியில் ஒரு மதிப்பீட்டுத் தாள் நீட்டினார்கள். டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், உள்ளே இருக்கும் கூலிங் காயிலை மாற்ற வேண்டும், மொத்தம் 16,500 ரூபாய், கார் மூன்று நாள் அங்கே நிற்க வேண்டும். இரண்டு வருட ஆயுள் உள்ள காருக்கு. வாரத்தில் மூன்று நாள் சிகிச்சை இருக்கும் வீட்டில் கார் மூன்று நாள் எங்கே நிற்பது? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்துக்கொண்டே இருந்ததில் மே 29 வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமையை டெல்லிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. முங்கேஷ்பூர் நிலையத்தில் 52.9 டிகிரி பதிவானதாக மாலையில் செய்தி பரவி நாடே பேசியது. அந்தக் கருவி மூன்று டிகிரி அதிகமாகக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறை பிறகு விளக்கம் சொன்னது. மூன்றைக் கழித்தாலும் மிச்சம் இருப்பது ஐம்பதுக்குக் கொஞ்சம்தான் குறைவு. காரில் இருந்தவர்களுக்கு அந்த மூன்றினால் பெரிய வித்தியாசம் ஏதுமில்லை.

யமுனையைத் தாண்டி ஆஸ்ரம் சந்திப்பை நெருங்குகையில் வண்டிகள் நின்றுவிட்டன. இருபது நிமிடம் நகரவில்லை. புளோயர் குமிழைக் கடைசி எண்ணான நாலில் வைத்திருந்தேன். உள்ளே மோட்டார் ஆலைபோல இரைந்தது. திறப்பில் கையை வைத்தால், யாரோ வாயால் ஊதுவதுபோல ஒரு மெல்லிய குளிர்ச்சி, அவ்வளவுதான். அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். பிறகு விசிறுவதையும் நிறுத்திவிட்டாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கூப்பிட்டால் "உம்" மட்டும். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டில் என் மடியில் இருந்தது. எத்தனை வாய் கொடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெற்ற தாய்க்குத் தண்ணீர் கொடுக்கக் கணக்குப் போடும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி வந்தது. உள்ளே போனதும் தெளிந்துவிட்டாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து, எங்கள் காலனிக் காவலாளி எப்போதோ சொன்ன ஒரு மிஸ்திரியின் எண்ணைத் தேடினேன்.

அவர் கடை என்று சொல்வதற்கில்லை. திரிலோக்புரிப் பக்கம் ஒரு வேப்பமர நிழல், ஒரு தகரப் பெட்டி, ஒரு ஸ்டூல். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காரைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஹவா கம் ஹை, யா டண்டக் கம் ஹை?"

காற்று குறைவா, குளிர்ச்சி குறைவா?

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரத்துக்கு முன் அம்மா தஞ்சாவூர்த் தமிழில் தெளிவாகச் சொன்ன விடை இந்தக் கேள்விக்கானதுதான். குளிர்ச்சி இருக்கிறது, காற்று இல்லை. நான்தான் இரண்டையும் குழைத்து "டண்டா இல்லை" என்று ஒரே உருண்டையாக்கிக் கடைக்காரர் கையில் கொடுத்தேன். அவர் தன் பங்குக்கு அதைக் "காஸ்" என்று மொழிபெயர்த்துக்கொண்டார். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழியில் முதுகலை படித்தவள் நான். மே மாத டெல்லியில் மேற்கேயிருந்து அடிக்கும் "லூ" என்ற அனல்காற்றுக்கு அச்சடித்ததுபோலப் பொருந்தும் சொல் கோடை. ஆனால் அன்று கடையில் எனக்குக் காற்று என்ற சாதாரணச் சொல்லே வாயில் வரவில்லை.

பெரியவர் விளக்கியதை, நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். கார் ஏ.சி.யில் இருப்பது இரண்டு வேலை. ஒன்று குளிரை உண்டாக்குவது. அதற்கு எஞ்சின் பக்கம் கம்ப்ரஸர், முன்னால் கண்டன்ஸர், டேஷ்போர்டுக்குள் கூலிங் காயில், இவற்றுக்குள் சுற்றிவரும் காஸ். இன்னொன்று அந்தக் குளிரை ஆள் மேல் கொண்டுவந்து சேர்ப்பது. அதற்கு ஒரு புளோயர் மோட்டார், ஒரு ஃபில்டர், சில குழாய்கள், காற்றை முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ திருப்பிவிடும் மடல்கள். முதல் வேலை கெட்டால் காற்று வேகமாக வரும், ஆனால் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டாவது கெட்டால் வரும் கொஞ்சம் காற்று குளிர்ந்துதான் இருக்கும், வருவதே பெரும்பாடு. நாம் இரண்டுக்கும் சேர்த்து "ஏ.சி. வேலை செய்யவில்லை" என்கிறோம். கடைக்காரர் காஸ் என்கிறார். காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் அல்ல, மூடிய சுற்றுக்குள் சுழன்றுகொண்டே இருப்பது. பழைய காரின் ரப்பர்க் குழாய்கள் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியலாம். அதற்கு மேல் குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் காஸ் ஏற்றுவது கசியும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

அவர் செய்த சோதனைகளுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. முதலில் ஏ.சி. பொத்தானை அணைத்துவிட்டு வெறும் விசிறியை மட்டும் ஓட்டினார். அப்போதும் காற்று மெலிவாகவே வந்தது. "காஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அது தூங்குது பாருங்க, நோய் அப்படியே இருக்கு" என்றார். பத்து விநாடி வேலை. 1,800 ரூபாய் கொடுப்பதற்கு முன் நானே செய்திருக்கலாம்.

பிறகு குமிழை ஒன்றிலிருந்து நாலுவரை மெல்லத் திருப்பினார், காதைக் கொடுத்து. ஒவ்வொரு எண்ணுக்கும் சத்தம் ஏறியது. மூன்று வரை ஊமையாக இருந்து நாலில் மட்டும் விழித்துக்கொண்டால் அது ரெஸிஸ்டர் என்ற சின்ன உதிரிப்பாகத்தின் கோளாறாம். என் அலுவலக நண்பர் ஒருவர் வருடம் முழுக்க நாலிலேயே ஓட்டிக்கொண்டு, அதுதான் காரின் இயல்பு என்று நம்பியிருந்தார். எங்கள் காரில் மோட்டார் உயிரோடுதான் இருந்தது. சத்தம் இருக்கிறது, காற்று இல்லை. அப்படியானால் நடுவில் எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

காற்றை முகத்துக்கு, காலுக்கு, கண்ணாடிக்கு என்று மாற்றி மாற்றி, ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையைத் திறப்புகளின் முன் பிடித்தார். எல்லா இடத்திலும் ஒரே சோர்வான அசைவு. ஒரு திறப்பில் மட்டும் குறைந்தால் மடலிலோ குழாயிலோ கோளாறு. எல்லாவற்றிலும் குறைந்தால் அவற்றுக்கு முன்னாலேயே. வெளிக்காற்று, உள்காற்று இரண்டிலும் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல. இரண்டு பாதையும் சேரும் இடத்துக்கு அப்பால்தான் அடைப்பு என்றார். எனக்கு இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு சந்தேகத்தைக் கழித்துக்கொண்டே போனது.

பிறகுதான் திருப்புளியை எடுத்தார். அம்மா உட்காரும் பக்கத்தில் உள்ள க்ளவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே இறக்கினார். அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைத் திறந்து உள்ளேயிருந்த ஃபில்டரை இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். வந்தது.

மடிப்பு மடிப்பாகக் காகிதம்போல இருக்க வேண்டிய பொருள், எங்கள் காரில் ஒரு பழைய மெத்தைத் துண்டாக இருந்தது. வேப்பிலைச் சருகு, தரை விரிப்பின் தூசு, முடி. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்து வெண்மையும் பழுப்புமாகப் பஞ்சு. எங்கள் குடியிருப்பில் காரை நிறுத்தும் இடத்துக்கு மேலே ஒரு செம்மல் மரம் இருக்கிறது. தமிழில் இலவம். கோடையில் காய் வெடித்து, பஞ்சு பனிபோலப் பறக்கும். புகைப்படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கம்பித்திறப்பு வழியாக அது வருடா வருடம் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இலவு காத்த கிளிக்குக் கடைசியில் கிடைத்தது பஞ்சு என்பார்கள். எனக்கும் அதேதான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய சர்வீஸ் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். ஃபில்டர் மாற்றியதாக மூன்று வருடம் பணம் வாங்கியிருந்தார்கள். அந்த ஃபில்டரைக் கடைசியாக மனிதக் கை தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பெரியவரிடம் நான் கேட்கவில்லை. சண்டை போடும் தெம்பும் அப்போது இல்லை.

புது ஃபில்டர் 350 ரூபாய். அதைப் போடுவதற்கு முன், அந்த ஓட்டை வழியாக ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் கூலிங் காயிலின் முகத்தையும் எட்டிப் பார்த்தார். மேலாகப் படிந்திருந்ததைத் தூரிகையால் தள்ளித் துடைத்து எடுத்தார். "இது கெட்டுப்போகலை. எதுக்கு மாத்தணும்?" என்றார். 16,500 ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தில் காணாமல் போனது. விசிறியை ஒன்றில் வைத்தார். க்ளவ் பாக்ஸுக்கு அடியில் கிடந்த ரசீது பறந்து பின் இருக்கைக்குப் போனது.

இப்போது ஏ.சி.யைப் போட்டு மானியை மாட்டினார். முள் ஏகத்துக்கு ஏறி நின்றது. முன்பு தாழ்ந்து நின்ற அதே முள். இதைத்தான் நான் அன்று முழுதாகப் புரிந்துகொள்ள விரும்பினேன். இரண்டு முறை கேட்டேன். காயிலின் மேல் காற்று படாவிட்டால் அதற்கு உறிஞ்ச வெப்பம் கிடைக்காது. அப்போது காஸ் திரும்பி வரும் பக்கத்தில் அழுத்தம் தானாகவே தாழ்ந்துவிடும். காஸ் சரியாக இருந்தாலும் முள் குறைவாகத்தான் காட்டும். முங்கேஷ்பூரில் கருவி தப்பு. இங்கே கருவி சொன்னது உண்மை, படித்தவர்தான் தப்பாகப் படித்தார். முதல் கடைக்காரர் என்னை ஏமாற்றினார் என்று மூன்று வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் முள்ளை நம்பினார், என் வார்த்தையையும் நம்பினார். இப்போது தேவைக்கு மேல் இருந்த காஸை ஓர் இயந்திரத்துக்குள் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அது அதிகமானாலும் குளிர்ச்சி கெடும், கம்ப்ரஸருக்கும் ஆகாது. மொத்தச் செலவு, கூலி சேர்த்து, 900 ரூபாய்.

ஏ.சி.யைக் கண்டுபிடித்தது மனிதர்களுக்காக அல்ல என்று படித்திருக்கிறேன். 1902 இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரப்பதத்தால் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போனதால், வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினீயர் வடிவமைத்த ஏற்பாடு அது. காகிதத்தோடு பிழைப்பு நடத்தும் எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. காருக்கு வந்தது பிறகுதான். அமெரிக்காவின் பேக்கர்ட் நிறுவனம் 1940 மாடல் கார்களில் விற்றது. அதில் குளிரை நிறுத்த வேண்டுமானால் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம். நாம் ஒரு பொத்தானை அமுக்குவதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

ஜூன் முழுவதும் நிம்மதியாகப் போயிற்று. ஜூலையில் மழை வந்தது, புழுக்கம் வந்தது, அம்மாவின் புகாரும் திரும்ப வந்தது. "மறுபடியும் எட்டலைடி."

எனக்கு ஃபில்டர்மேல் சந்தேகம். இந்த முறை க்ளவ் பாக்ஸை நானே இறக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அப்படியானால்? அம்மாவிடம் கேட்டேன். முதல் தடவை செய்யாமல் விட்ட காரியம் அதுதான்.

"எப்ப ஆரம்பிக்குது?"

"கிளம்பறச்சே நன்னாத்தான் வரது. பாலம் தாண்டறவரைக்கும் முடியெல்லாம் பறக்கறது. ஆஸ்ரம் வந்தா மெள்ள அடங்கிடறது."

"காற்று எப்படி இருக்கிறது, சூடாகவா?"

"சூடு ஏது? விரல் விறைக்கிற மாதிரி. ஆனா சாரமில்லை."

அடுத்த பயணத்தில் அவள் சொன்னபடியே நடந்தது. முப்பது நிமிடத்தில் அடங்கியது. நான் ஏ.சி. பொத்தானை மட்டும் அணைத்து விசிறியை ஓடவிட்டேன். ஏழெட்டு நிமிடத்தில் காற்று பழைய வேகத்துக்கு வந்தது. மருத்துவமனை வாசலில் நிறுத்தியபோது காருக்கு அடியிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டியது.

வராந்தாவிலிருந்து பெரியவருக்குப் போன் செய்தேன். கிளம்பும்போது வேகம் சரி, அரை மணியில் குறைகிறது, குளிர்ச்சி குறையவில்லை, ஏ.சி.யை அணைத்தால் சில நிமிடத்தில் காற்று திரும்புகிறது, பிறகு தண்ணீர் நிறையக் கொட்டுகிறது. இவ்வளவையும் அந்த வரிசையிலேயே இந்தியில் சொன்னேன், எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல்.

அந்தப் பக்கம் சில விநாடி அமைதி. பிறகு சிரித்தார். "பரஃப்" என்றார். பனிக்கட்டி. காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால், மழைக்காலக் காற்றில் உள்ள ஈரம் அதன் இடுக்குகளில் உறைந்து, காற்று போகும் வழியை அடைத்துவிடும். அப்படி ஆகாமல் கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதற்கு அங்கே ஒரு சின்ன சென்ஸர் உண்டு. காஸ் குறைந்தாலும் இப்படி உறையும். ஆனால் ஜூனில் அவரே அளந்து விட்டிருக்கிறார், இரண்டு மாதத்துக்குள் குறைய வாய்ப்பில்லை. ஆகவே சென்ஸர். பதின்மூன்று வயதுக் காரில் அது தாமதமாக விழிக்க உரிமை உண்டு என்றார். காரைப் பார்க்காமலே காஷ்மீரி கேட் சந்தையில் எந்தப் பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னார். மறுநாள் அதை மாட்டுவதற்கு முன், பழையதை ஐஸ் தண்ணீரில் முக்கி மல்டிமீட்டர் வைத்து அளந்து, கெட்டுத்தான் போயிருக்கிறது என்று எனக்குக் காட்டினார். அவருக்கு அது தேவைப்படவில்லை. எனக்காகச் செய்தார்.

"இவ்வளவு சரியா யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார், பணம் வாங்கும்போது.

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டினேன். அவர் குனிந்து ஜன்னல் வழியாக நமஸ்தே சொன்னார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. கை கூப்பிவிட்டு, என் பக்கம் திரும்பி, "ரெண்டுல வை போதும். குளிர்றது" என்றாள்.